யாருக்கும் போய்ச் சேராத காசு

போடி உழவர் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பேச்சியக்காவின் தம்பி முருகேசன். "சார், அக்கா போயிருச்சு" என்றார். நான் புத்தி கெட்டுப்போய் "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் யாரோ ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது. பொறுக்கிய காய்களைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பேச்சியம்மாள் எங்கள் நகராட்சியின் உறுப்பினர். எந்த நகராட்சி என்று நான் எழுதப் போவதில்லை. போடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் என்றால் அவரை அறிந்த உங்களுக்குப் போதும். அங்கே கணக்கராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன் நான். இரங்கல் கூட்டத்தில் அவரை அஞ்சா நெஞ்சம் என்றார்கள், தியாகச் சுடர் என்றார்கள். அக்கா கேட்டிருந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருப்பார். அவர் அஞ்சியதையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவரை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வருடா வருடம் வரவு செலவுத் திட்டத்தைத் தடித்த புத்தகமாக அடித்து உறுப்பினர்களுக்குக் கொடுப்போம். கூட்டத்தன்று அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு அவரவர் வார்டுக்குச் சாக்கடையும் தெருவிளக்கும் கேட்பார்கள். உள்ளே பிரித்துப் படித்தவர் என்று ஒருவரை அதுவரை நான் கண்டதில்லை. பேச்சியக்கா கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக எங்கள் பிரிவுக்கு வந்தார். தினசரிக் காலண்டர் தாள்களைக் கிழித்துப் புத்தகம் முழுக்கச் செருகியிருந்தார். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"சோலியா இருக்கீகளா சார்?"

"சொல்லுங்கம்மா."

"இதுல பத்துப் பன்னெண்டு எடத்துல இதர செலவு, இதர செலவுன்னு போட்டிருக்கே. யாரு சார் அந்த இதர? நம்மூர்க்காரரா?"

பிரிவே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. "அது ஒரு தலைப்பும்மா. சில்லறைச் செலவை எல்லாம் அதுல போடுவோம்" என்றேன்.

"அப்ப அந்தச் சில்லறைய ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. நான் உக்காந்திருக்கேன், எனக்கு அவசரமில்ல."

உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டு நேரம் வந்தபோது தன் பையிலிருந்து அவித்த நிலக்கடலையை எடுத்து என் மேசையில் பரப்பி, "தின்னுக்கிட்டே சொல்லுங்க" என்றார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் இருபது வருடத்துக்கு மேல் காய் பொறுக்கும் வேலை பார்த்தவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் படித்த வரியை விட்டு, அது விளங்காமல் அடுத்த வரிக்கு நகர மாட்டார்.

அந்த வருடம் வருமானம் குறைந்திருந்தது. நிறுத்தக்கூடியவற்றைப் பட்டியல் போட்டுத் தரும்படி ஆணையர் சொல்லியிருந்தார். பட்டியலை எழுதியவன் நான். அதில் மூன்றாவது வரி, குழந்தைகள் காப்பகம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கூடம், இரண்டு ஆயாக்கள், பால், கஞ்சி. மலைத் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்பு கிளம்பும் நேரத்துக்கு, அதாவது விடிவதற்கு முன்பே திறக்க வேண்டும் என்பதால் மற்ற இடங்களைவிடச் சம்பளச் செலவு கூடுதல். காகிதத்தில் பார்க்க அது வெட்டுவதற்கு வசதியான வரிதான்.

கூட்டத்தில் அக்கா எழுந்து, "காப்பகத்த மூடக்கூடாது" என்றார். தலைவர் நல்ல மனிதர். அவர் சலிப்போடு சொன்னார்: "எனக்கு மட்டும் மூட ஆசையாம்மா? காசு எங்க இருக்குன்னு காட்டுங்க, தொடர்ந்து நடத்தலாம். ஒரு மாசம் டைம் தர்றேன்."

மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே அக்கா வாசலில் நின்றார்.

"சார், வண்டிச் சாவிய எடுங்க. காசு தேடப் போவோம்."

"நானா?"

"பட்டியல் போட்டது நீங்கதான? எடம் ஒங்களுக்குத்தான தெரியும்?"

தேடுவதற்கு முன் ஒரு வேலை வைத்தார். நான் வெட்டச் சொன்ன காப்பகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று அடுத்த நாள் அதிகாலை வரச் சொன்னார். போனேன். மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. வரிசையாக ஜீப்புகள் நின்றன. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு பெண்கள் வந்தார்கள். கூடத்து வாசலில் ஆயா கையை நீட்டி நிற்க, தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கம் கலையாமல் மாற்றிக் கொடுத்தார்கள். கேரளப் பக்கத்து டிரைவர் ஒருவர் "வேகம் கேறு, வேகம் கேறு" என்று, சீக்கிரம் ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். ஒரு பெண் ஜீப்பின் பின்படியில் காலை வைத்தபடியே திரும்பினாள்.

"அக்கா, இத மூடப்போறாகளாமே? நெசமா?"

"நீ ஏறு மொதல்ல. சாயங்காலம் பேசுவோம்."

"மூடுனா நான் என்ன செய்யட்டும்? பெரியவள நிப்பாட்டித்தான் சின்னதப் பாக்கச் சொல்லணும். ஏழாப்புப் படிக்கிறா."

ஜீப்பு மலை மேலிருக்கும் போடிமெட்டுப் பக்கம் கிளம்பிப் போய்விட்டது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டியல் போட்டவன் இவன்தான் என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அந்த ஒரு மாதம் என் வேலைக்காலத்தில் வேறு எந்த மாதத்தையும்விட நன்றாக நினைவிருக்கிறது. என் மொபெட்டின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் துணிப்பையோடு வருவார். மேடு பள்ளத்தில் வண்டி குதித்தால், "இந்த ரோட்டுக்கும் நாமதான சார் பில்லு குடுத்தோம்?" என்பார். நகராட்சியின் பேரில் உள்ள மின் இணைப்புகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு வீண் அலைச்சலாகத் தோன்றியது. பார்த்தால், பேருந்து நிலையத்தை அகலப்படுத்தியபோது இடித்த கழிப்பறைக்கு இன்னும் பில் கட்டிக்கொண்டிருந்தோம். மிஞ்சியிருந்த அரைச்சுவரில் மீட்டர் மட்டும் தொங்கியது. வற்றிப்போன ஒரு கிணற்றின் மோட்டாருக்கும் கட்டணம் போய்க்கொண்டிருந்தது. அக்கா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "செத்தவுகளுக்கு மாசாமாசம் பென்சன் அனுப்புறோம் சார்" என்றார். பழைய சாமான்களைப் போட்டு வைக்க வாடகைக்கு ஒரு கிடங்கு எடுத்திருந்தோம். எங்கள் சொந்தப் படிப்பகத்தின் பின்னறை பூட்டிக் கிடந்தது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அக்காவுக்கு மூன்று நாள் ஆனது. சாமானை மாற்ற ஒரு நாள்தான்.

இவற்றையெல்லாம் கூட்டினால் தேவையில் பாதி வந்தது. இருபது நாள் ஓடிவிட்டது. எனக்கு அதற்குள் இந்த வேலையில் ருசி ஏறியிருந்தது. அவரை மகிழ்விக்கிற நினைப்பில் ஒரு யோசனை சொன்னேன்: ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களில் நான்கு பேரை எடுத்துவிட்டால் மீதிப் பாதியும் சரியாகிவிடும்.

அக்கா கடலை உரிப்பதை நிறுத்தினார். "சார், நீங்க நல்ல மனுசன். ஆனா இந்தச் சோலிய இன்னும் சரியாப் புடிக்கல. அந்த நாலு பேரு கூட்டுறாக, தெரு சுத்தமாகுது, சம்பளம் வாங்குறாக, அடுப்பு எரியுது. அதுல கைய வெச்சா மிச்சமா அது? இன்னொருத்தர் வயித்துல இருந்து எடுக்குறது. நாம தேடுறது யாருக்கும் போய்ச் சேராத காசு. அது எங்கயோ கெடக்கு. தேடணும்."

அப்போதே எனக்கு ஒன்று உறைத்தது. அப்படிப்பட்ட காசு இருக்கும் இடம் எனக்குத் தெரியும். ஊரின் கடைசியில் இரண்டு தெருக்களுக்குத் தண்ணீர் லாரி ஓடிக்கொண்டிருந்தது. முந்தின வருடமே அங்கே குழாய் வந்துவிட்டது, லாரியை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை. அதில் பொய்க் கணக்கு எதுவும் இல்லை. லாரி நிஜமாகவே போனது, தொட்டியில் தண்ணீர் ஊற்றியது. தொட்டி நிரம்பி, வழிந்த தண்ணீர் ஓடைக்குப் போனது. அவ்வளவுதான். லாரியின் சொந்தக்காரர் முருகேசன். அக்காவின் ஒரே தம்பி.

அந்தக் கோப்பை நான் மேசையின் அடியில் தள்ளி வைத்தேன். இரண்டு நாள் வேறு எதையெதையோ காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவரே கேட்டார்.

"தண்ணி வண்டி ஃபைலு எங்க சார்?"

"அது வேணாங்கக்கா." அன்றுதான் முதன்முதலாக அவரை அக்கா என்றேன்.

"ஏன், அதுல பாம்பா இருக்கு?"

"வண்டி யாருதுன்னு..."

"தெரியும் சார்." ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மொத நாளே தெரியும். மத்தத எல்லாம் தேடி, அதுலயே நெறஞ்சுட்டா இது தேவைப்படாதுல்ல. அதான் கடைசியா வெச்சிருந்தேன்."

அவர் அஞ்சியதைப் பார்த்தேன் என்று சொன்னது இதைத்தான். பிறகு கோப்பைப் பிரித்தார். ஒரு வரியையும் விடாமல் படித்து முடித்தார்.

அன்று மாலையே முருகேசன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். மன்றத்தில் சொன்னால் போதாதா என்றேன். "வேற ஆளு வாயால அவன் கேக்கக்கூடாது" என்றார். நான் வேப்பமரத்தடியில் வண்டியோடு நின்றேன். அவர்கள் வாசலில் நின்றே பேசியதால் எல்லாம் காதில் விழுந்தது.

"முருகேசா, நாளைக்குக் கூட்டத்துல ஒன் வண்டிய நிப்பாட்டச் சொல்லிப் பேசப்போறேன்."

"என்னக்கா, வெளாட்டா?"

"அந்தத் தெருவுல குழாயில தண்ணி வருதுப்பா. நீ ஊத்துறது ஓடைக்குப் போகுது. ஒனக்கே தெரியும்."

"வண்டி லோன் பாதி நிக்கிது, அதுவும் ஒனக்குத் தெரியும். ஓட்டுக் கேக்க இந்த வண்டியிலதான் ஒன்ன ஏத்திக்கிட்டுச் சுத்துனேன். அது மறந்து போச்சா?"

"மறக்கல."

"அப்புறம்? ஊரான் வீட்டுப் புள்ள கஞ்சி குடிக்க, என் புள்ள சோத்துல மண்ணள்ளிப் போடுவியா?"

"வேற லோடு பாப்போம். நானும் ஒனக்காக அலையுறேன்" என்றார் அக்கா.

"நீ ஒண்ணும் அலைய வேணாம். இனி இந்த வாசலுக்கு வராத."

கதவு சாத்தப்பட்டது. அக்கா வந்து வண்டியில் உட்கார்ந்தார். பாதி வழியில், சிலமலை போகும் சாலை பிரியும் இடத்தில், வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நின்று மூக்கைச் சிந்தினார்.

"இந்தச் சிலமலையிலதான் சார் பொறந்தோம். அம்மா மெட்டுக்கு மேல ஏலக்காட்டுக்குப் போகும். இவன் கைக்கொழந்த. இவனப் பாத்துக்க ஆளில்லாமத்தான் நான் அஞ்சாப்போட நின்னேன். இடுப்புல வெச்சுக்கிட்டே பள்ளிக்கூடத்து வேலி வரைக்கும் போவேன். உள்ள புள்ளைக வாய்ப்பாடு சொல்றது கேக்கும், நானும் கூடச் சொல்லுவேன். இவன் அழுதா திரும்பிருவேன்."

கேட்கக்கூடாத நேரத்தில் நான் ஒன்றைக் கேட்டேன். "அந்த நாலு பேர் வயித்துல கை வைக்கக்கூடாதுன்னு சொன்னீங்க. இது..."

"அதத்தான் சார் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன். அவுக கூட்டுனா தெரு சுத்தமாகுது. இவன் ஊத்துறதுல ஒரு கொடங்கூட நெறையல. வித்தியாசம் இருக்கு. ஆனா அவன் சொன்னதுலயும் பொய்யில்ல. ரெண்டும் உண்மைதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வண்டிய எடுங்க. வெரசாப் போவோம்."

மறுநாள் மன்றத்தில் அவர் பேசியது நான்கைந்து வாக்கியங்கள்தான். வண்டி யாருடையது என்பதை அவரே முதலில் சொன்னார். பின்வரிசையில் ஒருவர், "சொந்தத் தம்பி வண்டியவா?" என்று சத்தமாகவே சிரித்தார். கூடச் சேர்ந்து சிரிக்க யாரும் இல்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மா?" என்றார். "ஆமாங்கய்யா, எழுதிக்கோங்க" என்றார் அக்கா. லாரிக் காசில் மீதிப் பாதியும் நிறைந்ததால், காப்பகத்தின் வரி என் பட்டியலிலிருந்து நீங்கியது. அன்று அந்தத் தாளை நானே மறுபடி அடித்தேன், உதவியாளரிடம் கொடுக்கவில்லை.

கதை அத்தோடு நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். முடியவில்லை. முருகேசன் ஒன்றரை வருடம் அக்காவோடு பேசவில்லை. அவர் மகள் சடங்குக்கு அக்காவுக்கு அழைப்பு இல்லை. அன்று சீர்த்தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஒருவேளை யாராவது கூப்பிட வருவார்களோ என்று பட்டுச்சேலை கட்டி மாலை வரை வீட்டில் இருந்தார் என்பதை அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார். அக்கா சொல்லவில்லை. கூட்டத்தில் எப்போதும்போலப் பேசினார், எங்கள் பிரிவுக்கு எப்போதும்போலக் கடலையோடு வந்தார்.

ஆனால் அலைவேன் என்று சொன்னதை அவர் விடவில்லை. தான் வேலை பார்த்த ஏலக்காய்க் கடை முதலாளியிடம் போய், மெட்டுக்கு மேலே இருந்த அவருடைய தோட்டத்துக்குக் கோடையில் தண்ணீர் ஏற்றும் வேலையை முருகேசனுக்குக் கொடுக்கச் சொன்னார். தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். என்னிடமும் வாங்கினார். அதற்குப் பிறகு குரங்கணிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களிலும் லோடு கிடைத்தது. மழைக்காலத்தில் வேலை இல்லாமல் வண்டி நின்றதும் உண்டு. ஒரு தவணை தவறியதும் உண்டு. ஆனாலும் வண்டி கைவிட்டுப் போகவில்லை. வேலை எப்படி வந்தது என்பதை, முதலாளியும் நானும் வாயைத் திறக்காதபோதும், முருகேசன் எப்படியோ தெரிந்துகொண்டார்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் மருத்துவமனையில் சேர்த்தபோது நான் பார்க்கப் போயிருந்தேன். மெலிந்துபோய்ச் சுவரில் சாய்ந்திருந்தார். கதவருகில் முருகேசன் வந்து நின்றார். கையில் பிளாஸ்கு. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "காப்பி கொண்டாந்திருக்கேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"சீனி போட்டியா?" என்றார் அக்கா.

"கொஞ்சமா."

"டாக்டரு ரெண்டு மடக்குக்கு மேல குடிக்கக்கூடாதுன்னுருக்காரு. மிச்சத்த நீயும் சாரும் குடிங்க. உக்காரு."

அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. ஒன்றரை வருடத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் சுத்திகரிக்க அக்காவைக் கூட்டிப் போனதும் கூட்டி வந்ததும் முருகேசன்தான். அந்த நிலையிலும் அக்கா இரண்டு கூட்டங்களுக்கு வந்தார். கடைசிக் கூட்டத்தில் எழுந்து நிற்க முடியாமல், உட்கார்ந்தபடி பேச அனுமதி கேட்டார். பேசியது தெருக்குழாய்த் திருகுகள் ஒழுகுவதைப் பற்றி.

இறுதி ஊர்வலத்தன்று ஜீப்புகள் தாமதமாகத்தான் மலை ஏறின. அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று அந்தப் பெண்கள் தூக்குவாளியோடு வந்து, பார்த்துவிட்டுப் போனார்கள். முருகேசன் மொட்டைத் தலையோடு எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. இருப்பது வேறொன்று. முப்பது வருடத்துக்கு மேல் பட்டியல் எழுதியவன் நான். எத்தனையோ பேருடைய பிழைப்பை ஒரே வரியில் அடித்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவர்களில் ஒருவர் வீட்டு வாசலுக்குக்கூட நான் போனதில்லை. உத்தரவு தபாலில் போகும், நான் வீட்டுக்குப் போய்விடுவேன். ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்பு, பூங்காவுக்கு இருந்த தற்காலிகக் காவலர் இடம் ஒன்று நீக்கப்பட்டது. எவ்வளவு தேடியும் அதைக் காப்பாற்ற எனக்கு வழி அகப்படவில்லை. உத்தரவு வெளியாவதற்கு முந்தின நாள் அந்தக் காவலர் வீட்டைத் தேடிப் போனேன். நான்தான் எழுதினேன், நாளைக்குத் தபால் வரும், அதற்கு முன் நானே சொல்ல வந்தேன் என்றேன். அவர் என்னைத் திட்டினார். அவர் மனைவி இன்னும் அதிகமாகத் திட்டினார். தெருவே வேடிக்கை பார்த்தது. முன்பு என்றால் பாதியில் எழுந்து வந்திருப்பேன். அன்று அவர்கள் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், அவர்கள் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அப்படி உட்காரும் தெம்பு அக்கா கொடுத்தது. அதை நான் வைத்திருக்கிறேன்.